பன்னிரண்டு வயதுக்கு முன்: ஒரு பிரெஞ்சு இளவரசியின் இரண்டு திருமணங்கள்

இந்த ஆய்வில் வரும் இசபெல்லா, பிரான்சின் வலோவா வம்சத்து அரசர் ஆறாம் சார்லஸின் மகள். 1389ல் பிறந்து 1409ல், 19 வயதில் இறந்துபோனாள். அதற்குள் இரண்டு முறை மணம் முடித்துவைத்தார்கள். நடுவில் ஒரு முறை விதவையானாள். புத்தகங்களில் அவள் பெரும்பாலும் முதல் கணவர் இரண்டாம் ரிச்சர்டின் வரலாற்றில் ஒரு பத்தியாகவும், இரண்டாம் கணவர் ஓர்லியான் சார்லஸின் வரலாற்றில் இன்னொரு பத்தியாகவும் வந்துபோகிறாள். அந்த இரண்டு பத்திகளையும் சேர்த்து, ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் அன்று அவளுக்கு என்ன வயது என்று எழுதிக்கொண்டே போனேன். அப்படிப் பார்த்தபோது தெரிந்ததைத்தான் இங்கே வைக்கிறேன்.

பின்னணி

இங்கிலாந்தும் பிரான்சும் 1337 முதல் விட்டு விட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. 1390களில் இரண்டு பக்கமும் களைத்துவிட்டன. பிரான்சு அரசருக்கு 1392 ஆகஸ்டில், லெ மான் நகரத்துக்கு அருகே படையோடு போய்க்கொண்டிருந்தபோது முதல் முறையாகப் புத்தி பிசகியது. கூட வந்த தன் ஆட்களையே வாளால் வெட்டினார். அதன் பிறகு தெளிவதும் திரும்பக் கலங்குவதுமாகவே அவர் வாழ்நாள் போனது. அவர் கலங்கியிருந்த நாட்களில் ஆட்சி அவருடைய சித்தப்பா, பர்கண்டி கோமகன் பிலிப்பின் கையிலும், தம்பி ஓர்லியான் கோமகன் லூயியின் கையிலும் மாறி மாறி இருந்தது. இந்த இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. இசபெல்லா வளர்ந்தது இந்த வீட்டில்.

இங்கிலாந்தில் ரிச்சர்டின் முதல் மனைவி, பொஹீமியாவின் ஆன், 1394 ஜூனில் ஷீன் அரண்மனையில் இறந்தார். ரிச்சர்ட் துக்கத்தில் அந்த அரண்மனையையே இடிக்கச் சொன்னார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. 27 வயது அரசர், வாரிசு இல்லை, கஜானா காலி. மறுமணம் செய்தே ஆக வேண்டிய நிலை.

முதல் முடிவு: ஆறு வயதுப் பெண்

1395ல் ஆங்கிலத் தூதர்கள் பாரிஸ் போனார்கள். பெண்ணுக்கு அப்போது ஆறு வயதுகூட நிறையவில்லை. ரிச்சர்டின் சபையிலேயே பலர் மறுப்புச் சொன்னார்கள். பெண் சின்னவள் என்ற குறை ஒவ்வொரு நாளும் தானாகக் குறையும், தனக்கும் காத்திருக்க வயதிருக்கிறது என்று ரிச்சர்ட் பதில் சொன்னதாக அந்தக் காலத்து வரலாற்றாளர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். சிறுமியும் தூதர்களுக்குத் தயங்காமல் பதில் சொன்னாளாம்: கடவுளுக்கும் அப்பாவுக்கும் விருப்பமென்றால் அரசியாவது தனக்குச் சந்தோஷம்தான், பெரிய ராணியாவேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள் என்று. பெரியவர்கள் சொல்லிக்கொடுத்ததைக் குழந்தை ஒப்பித்திருக்கிறது என்று எண்ணத் தோன்றுகிறது. ஆனால் அந்தக் கடைசி வரி குழந்தையின் சொந்தப் பேச்சு மாதிரியே இருக்கிறது.

1396 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 28 ஆண்டுகளுக்குப் போர்நிறுத்தம். 800,000 பிராங்க் வரதட்சணை; அதில் 300,000 திருமணத்தின்போதே, மிச்சம் ஆண்டுக்கு 100,000 வீதம். அதே மாதம் பாரிஸின் சேன் ஷப்பெல் தேவாலயத்தில் மணமகனுக்குப் பதிலாள் நின்று தாலியில்லாத ஒரு திருமணம் நடந்தது. மணமகன் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

ரிச்சர்ட் இந்தப் பேரத்தில் ஏன் இவ்வளவு உறுதியாக இருந்தார்? பணம் ஒரு காரணம். பிரான்சோடு சண்டை இல்லையென்றால் நாடாளுமன்றத்தில் வரிக்காகக் கெஞ்ச வேண்டாம். இன்னொன்றும் உண்டு. தன் சொந்தக் குடிகளே தனக்கு எதிராகக் கிளம்பினால் பிரான்சு அரசர் துணைக்கு வர வேண்டும் என்று பேச்சுவார்த்தையின் ஒரு கட்டத்தில் அவர் கேட்டிருக்கிறார். ஆக, அந்தச் சிறுமி வெளிநாட்டு எதிரியோடு சமாதானம் வாங்கித் தரும் பெண் மட்டுமாக இருக்கவில்லை. உள்நாட்டுப் பிரபுக்களுக்கு எதிரான காப்பாகவும் அவளை வைத்துப் பார்த்தார்கள். இங்கிலாந்தில் அவளுக்குப் பின்னால் கிடைத்த வெறுப்புக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

அடுத்து, வயது. திருச்சபைச் சட்டப்படி பெண்ணுக்கு 12 வயதும் பையனுக்கு 14 வயதும் ஆனால்தான் சம்மதம் செல்லும். அதற்கு முன் செய்த திருமணத்தை அந்த வயது வந்ததும் மறுக்கலாம். ஒப்பந்தம் எழுதியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 12 வயதில் பெண் வேண்டாம் என்றால் என்ன, மாப்பிள்ளை வேண்டாம் என்றால் என்ன, அதற்குள் ஒருவர் இறந்தால் பணத்தில் எவ்வளவு திரும்பும், நகை யாருக்கு என்று கணக்கு எழுதினார்கள். கணக்கு சுத்தமாகத்தான் இருந்தது. கணவர் உயிரோடிருந்து அரியணை மட்டும் போய்விட்டால் பெண்ணை யார், எத்தனை நாளில் கொண்டுவந்து விடுவது என்பதற்கு மட்டும் தெளிவான வழி எழுதவில்லை. கடைசியில் நடந்தது அதுதான்.

ஒப்படைப்பும் விண்ட்சர் வாழ்க்கையும்

1396 அக்டோபர் கடைசியில் இரண்டு அரசர்களும், பிரான்சுக் கரையில் ஆங்கிலேயர் வசமிருந்த துறைமுக நகரமான கலே அருகே ஆர்ட்ர் என்ற இடத்தில் சந்தித்தார்கள். இரு பக்கமும் 400 வீரர்கள் உருவிய வாளோடு வரிசையில் நின்றார்கள். நடுவில் பெண்ணை மாற்றிக்கொடுத்தார்கள். சில நாட்களில், அவளுடைய ஏழாவது பிறந்தநாளுக்குச் சற்று முன், கலேயில் புனித நிக்கலஸ் தேவாலயத்தில் நேரடித் திருமணம். மணமகனுக்கு 29 வயது.

அவளோடு போன சீர்வரிசைப் பட்டியல் எஞ்சியிருக்கிறது. சிவப்பு வெல்வெட்டில் ஓர் அங்கி. அதில் முத்தும் மரகதமும் பதித்த கிளைகள், கிளைகளில் தங்கப் பறவைகள். பிரான்சு அரச குடும்பத்தின் அதே ஆண்டுச் செலவுக் கணக்கில் இன்னொரு வரியும் இருக்கிறது: இங்கிலாந்து அரசியின் பொம்மைகளுக்கு உடை தைத்த தையற்காரருக்குக் கொடுத்த பணம். புது மோஸ்தர் காட்ட அனுப்பிய மாதிரிப் பொம்மைகள் என்று ஆடை வரலாறு எழுதுகிறவர்கள் சொல்வார்கள். இருக்கலாம். அரசிக்கு அப்போது ஆறு முடிந்து ஏழு என்பதையும் சேர்த்துத்தான் நான் அந்த வரியைப் படிக்கிறேன்.

லண்டனுக்குள் அவள் நுழைந்த நாளில் பாலத்தில் பெருங்கூட்டம். நெரிசலில் சிக்கிப் பலர் செத்தார்கள். பெரும்பாலும் பெயர் தெரியாத சாதாரண ஜனங்கள், குட்டி ராணியைப் பார்க்க வந்தவர்கள். 1397 ஜனவரியில் வெஸ்ட்மின்ஸ்டரில் முடிசூட்டு விழா நடந்தது.

அப்புறம் அவளுக்கென்று விண்ட்சரில் தனி வீடும் பணியாட்களும் அமைத்தார்கள். ரிச்சர்ட் அடிக்கடி வந்து பார்த்தார். அவர் அவளிடம் அன்பாக இருந்தார் என்பதில் அவரைப் பிடிக்காதவர்கள் எழுதிய பக்கங்களிலும் மாறுபாடு இல்லை. கணவன் மனைவியாக வாழ்ந்ததாக யாரும் சொல்லவில்லை. குழந்தைக்கு அவர் விளையாட்டும் பரிசும் கொண்டுவரும் பெரியவர், அவ்வளவுதான். அப்பா புத்தி கலங்கிய வீட்டிலிருந்து வந்தவளுக்கு அது சின்ன விஷயமாக இருந்திருக்காது.

1399 மே மாதம் ரிச்சர்ட் அயர்லாந்துக்குப் படையோடு கிளம்பினார். விண்ட்சரில் பூசை முடிந்ததும் அவளைத் தூக்கி, திரும்பத் திரும்ப முத்தமிட்டு விடைபெற்றார் என்று பார்த்தவர் சொன்னதாகப் பதிவு உண்டு. அவளுக்கு ஒன்பது வயது. அவர்கள் மறுபடி சந்திக்கவில்லை. பிரான்சிலிருந்து கூட வந்து அவளை வளர்த்த சீமாட்டியையும் அந்தச் சமயத்தில் வீண்செலவு செய்கிறார் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். செலவு உண்மையிலேயே அதிகமாக இருந்திருக்கலாம். ஆனால் அடுத்த இரண்டு ஆண்டுகளில் அந்தக் குழந்தைக்குத் தேவைப்பட்ட ஒரே ஆள் அவர்தான்.

அரசர் விழுந்த பிறகு: 22 மாதங்கள்

ரிச்சர்டின் சித்தப்பா மகன் ஹென்றி பொலிங்புரோக் 1399 ஜூலையில் யார்க்‌ஷயர் கடற்கரையில் இறங்கினார். ஆகஸ்டில் ரிச்சர்ட் பிடிபட்டார். செப்டம்பர் 30ல் முடி பறிபோனது. ஹென்றி நான்காம் ஹென்றியாக அமர்ந்தார். இசபெல்லாவை விண்ட்சரிலிருந்து முதலில் வாலிங்ஃபோர்டுக்கும் பிறகு தேம்ஸ் கரையில் சோனிங் என்ற ஊரில் ஒரு பிஷப் மாளிகைக்கும் மாற்றினார்கள்.

1400 ஜனவரி முதல் வாரத்தில் ரிச்சர்டின் ஆட்கள் ஹென்றியை விண்ட்சரில் வைத்துப் பிடிக்கத் திட்டம் போட்டார்கள். திட்டம் முன்கூட்டியே வெளியாகி ஹென்றி லண்டனுக்குத் தப்பிவிட்டார். தோற்றவர்கள் போகும் வழியில் சோனிங்கில் நின்றார்கள். ராணியின் பணியாட்கள் சட்டையில் குத்தியிருந்த ஹென்றியின் சின்னங்களைப் பிய்த்தெறிந்து, ரிச்சர்ட் விடுதலையாகிவிட்டார், படையோடு வருகிறார் என்று சொன்னார்கள். சொன்னது பொய். அடுத்த சில நாட்களில் அவர்களில் முக்கியமானவர்கள் சைரன்செஸ்டர் ஊர்மக்கள் கையில் செத்தார்கள். பிப்ரவரி நடுவில் பொன்டிஃப்ராக்ட் கோட்டைச் சிறையில் ரிச்சர்டும் இறந்தார். பத்து வயதுப் பிள்ளையிடம் வந்து உன் கணவர் வருகிறார் என்று சொல்லிவிட்டுப் போனவர்களின் செயல், இந்த முழு நிகழ்விலும் என்னை அதிகம் வாட்டுகிறது. மற்றவர்கள் கணக்குப் போட்டு அவளைப் பயன்படுத்தினார்கள். இவர்கள் அவள் நம்பிக்கையையே பயன்படுத்தினார்கள்.

இப்போது ஹென்றிக்கு முன்னால் இருந்த வழிகள் மூன்று. ஒன்று, பெண்ணைத் திருப்பி அனுப்புவது. அனுப்பினால் வரதட்சணையில் 200,000 பிராங்கும் நகைகளும் கூடவே போக வேண்டும் என்று பிரான்சு கேட்டது. கஜானாவில் அவ்வளவு பணம் இல்லை. நகைகளில் சிலவற்றை ஹென்றி தன் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டிருந்தார். இரண்டு, பிணையாகப் பிடித்துவைத்திருப்பது. அதற்குப் போர் விலையாகலாம். மூன்று, தன் மூத்த மகனுக்கே அவளைக் கட்டிவைப்பது. பணமும் திருப்ப வேண்டாம், போர்நிறுத்தமும் நிற்கும், புது வம்சத்துக்குப் பிரான்சின் அங்கீகாரமும் கிடைக்கும். அந்த மகன் பின்னாளில் ஐந்தாம் ஹென்றி. இசபெல்லாவைவிட மூன்று வயது மூத்தவன்.

ஹென்றி மூன்றாவதையே விரும்பினார். பிரான்சு மறுத்தது, ஹென்றியை அரசர் என்றே அது ஏற்கவில்லை. இசபெல்லாவும் அசையவில்லை. ரிச்சர்டுக்காகக் கறுப்பு உடுத்திக்கொண்டாள். அவளுடைய பிடிவாதத்துக்கு எந்த ஷரத்தும் இடம் கொடுக்கவில்லை. அதே சமயம் அதை உடைக்கவும் யாராலும் முடியவில்லை.

பணத்துக்கு ஹென்றியின் தரப்பு கண்டுபிடித்த பதில் கெட்டிக்காரத்தனமானது. 1356ல் ஆங்கிலேயர் பிடித்த பிரான்சு அரசர் இரண்டாம் ஜானுக்கு 1360ல் முப்பது லட்சம் பொற்காசு மீட்புத்தொகை பேசியிருந்தது. அது முழுதும் வந்துசேரவே இல்லை. வரதட்சணையை அந்தப் பழைய பாக்கியில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். கொள்ளுத்தாத்தா பட்ட கடனுக்குக் கொள்ளுப்பேத்தியின் சீர்.

திருப்பி அனுப்பிய நாள்

1401 மே மாதம் ஒருவழியாக முடிவானது. காலத்தைக் கவனிக்க வேண்டும். அவளுக்கு நவம்பரில் 12 வயது நிறைகிறது. அதற்குப் பிறகும் அவள் இங்கிலாந்தில் இருந்தால், சட்டப்படி தன் வாயால் சம்மதமோ மறுப்போ சொல்லக்கூடியவள். அந்த வாக்கு எந்தப் பக்கம் விழும் என்று இரண்டு தரப்புக்கும் பயம் இருந்திருக்கும். 22 மாதம் இழுத்த பேச்சு இந்தக் கோடையில் முடிந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

லண்டனிலிருந்து கிளம்பிய அவளை நேரில் கண்ட ஒரு வரலாற்றாளர் எழுதியது: கறுப்பு உடையில் இருந்தாள், ஹென்றியை முகம் சுளித்து வெறுப்போடு பார்த்தாள், வாய் திறந்து பேசியதே அரிது.

ஜூலை 31, கலேக்கும் புலோனுக்கும் நடுவே எல்லையில் லெலிங்கம் என்ற சிற்றூரின் சின்னத் தேவாலயம். இங்கிலாந்து தரப்பில் வூஸ்டர் பிரபு தாமஸ் பெர்சி அழைத்துவந்தார். ரிச்சர்டிடம் கொடுத்தபோது எப்படி இருந்தாளோ அப்படியே, எந்தப் பந்தமும் இல்லாமல் ஒப்படைக்கிறோம், இல்லையென்று சொல்பவனோடு வாளெடுக்கத் தயார் என்று அவர் சத்தியம் செய்தார். பிரான்சு தரப்பில் சேன் போல் பிரபு அவள் கையைப் பிடித்து வாங்கிக்கொண்டார். இங்கிலாந்தில் அவளைக் கவனித்துக்கொண்ட பெண்கள் அழுதார்கள், அவளும் அழுதாள். அந்தப் பெண்களில் அநேகரின் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. எதிரி நாட்டில் அவளுக்கென்று அழ ஆட்கள் இருந்தார்கள் என்பதை நான் முக்கியமாகக் குறித்துக்கொண்டேன். வரதட்சணைப் பணம் வரவில்லை.

இரண்டாவது திருமணம்

பிரான்சில் நிலைமை இன்னும் மோசமாகியிருந்தது. ஓர்லியான் லூயி 1402லும் 1403லும் ஹென்றிக்குச் சவால் கடிதங்கள் எழுதினார். அண்ணன் மகளுக்கு நடந்த அநியாயத்தை அதில் ஒரு காரணமாகக் காட்டினார். பிறகு அதே அண்ணன் மகளைத் தன் மகன் சார்லஸுக்குக் கேட்டார். அரசர் மகள் தன் வீட்டுக்கு மருமகளாக வந்தால் பர்கண்டிக்காரர்களுக்கு எதிரே தன் கை ஓங்கும் என்பது கணக்கு.

தமிழில் சொன்னால் பையன் சித்தப்பா மகன், தம்பி முறை. அங்கேயும் இவ்வளவு நெருங்கிய உறவில் கட்டத் திருச்சபை அனுமதிக்காது. போப்பிடம் விலக்கு வாங்கினார்கள். 1406 ஜூன் 29, கொம்பியேன் நகரில் திருமணம். அவளுக்கு 16, பையனுக்கு 11. விருந்தும் ஈட்டிச் சண்டையும் நடந்தபோது மணப்பெண் மட்டும் அழுதுகொண்டிருந்தாள் என்று எழுதியிருக்கிறார்கள். இங்கிலாந்து ராணி என்ற பட்டம் போவதால் அழுதாள் என்பது அன்றைய விளக்கம். முன்பு ஆறு வயதில் வயதுவந்தவருக்குக் கொடுத்தார்கள், இப்போது வயதுவந்தவளைச் சிறுவனுக்குக் கொடுத்தார்கள். அழுகைக்குப் பட்டம் வரை போய்த் தேட வேண்டியதில்லை. இந்த முறை அவளுக்குப் பன்னிரண்டு தாண்டியிருந்தது, சம்மதம் சட்டப்படி அவளுடையது. கேட்டார்களா என்பதற்கு அந்த அழுகையைத் தவிர வேறு சாட்சி இல்லை.

விளைவு

1407 நவம்பர் 23 இரவு பாரிஸ் தெருவில் லூயியை வெட்டிக் கொன்றார்கள். ஏவியவர் புதிய பர்கண்டி கோமகன் ஜான். சில நாட்களில் அவரே ஒப்புக்கொண்டார். டிசம்பரில், கடுங்குளிரில், லூயியின் மனைவி வலென்டினா விஸ்கொன்டி கறுப்புத் துணி போர்த்திய பல்லக்கில் பாரிஸ் வந்து அரசர் முன் மண்டியிட்டு நீதி கேட்டார். பக்கத்தில் மண்டியிட்டவள் மருமகள் இசபெல்லா. அரசர் அவளுடைய அப்பா. அவரும் அழுதார், நீதி தருவதாகச் சொன்னார், பிறகு கொன்றவருக்கே மன்னிப்புக் கடிதம் கொடுத்தார். இந்தக் காட்சியில்தான் அவள் முதன்முறையாகத் தானாக ஒரு பக்கம் நின்றதைப் பார்க்கிறேன். பிறந்த வீட்டின் தயக்கத்துக்கு எதிரே, புகுந்த வீட்டோடு.

வலென்டினா 1408 டிசம்பரில் புளுவா கோட்டையில் இறந்தார். 1409 செப்டம்பர் 13ல் அதே புளுவாவில் இசபெல்லா ஒரு பெண் குழந்தையைப் பெற்று, சில மணி நேரத்தில் உயிர்விட்டாள். கணவனுக்கு அப்போது 14 வயது. அவளுடைய பட்டு அங்கிகளைச் சார்லஸ் சேன் தெனி மடத்துக்குப் பூசை உடைகளாகத் தைத்துக்கொள்ளக் கொடுத்தான். குழந்தைக்கு ஜோன் என்று பெயர். வளர்ந்து அலென்சோன் கோமகனை மணந்து, அவளும் இளவயதிலேயே இறந்தாள்.

28 ஆண்டுப் போர்நிறுத்தம் 20 ஆண்டுகூட நிற்கவில்லை. 1415ல் அஜின்கோர்ட் போர்க்களத்தில் இசபெல்லாவின் இரண்டாம் கணவர் சார்லஸ், ஐந்தாம் ஹென்றியின் படையிடம் பிடிபட்டு, 25 ஆண்டுகள் இங்கிலாந்தில் கைதியாக இருந்தார். அவரை அடைத்துவைத்த கோட்டைகளில் ஒன்று பொன்டிஃப்ராக்ட். அவளுடைய முதல் கணவர் செத்த இடம்.

எதை வேறு விதமாகச் செய்திருக்கலாம்

இன்றைய அளவுகோலை அந்தக் காலத்தின் மேல் வைப்பது நியாயமாகாது. அன்றைக்கே தெரிந்திருந்ததை, அன்றைக்கே எட்டியிருந்ததை வைத்து மட்டும் சொல்கிறேன்.

நிச்சயம் மட்டும் செய்துகொண்டு, 12 வயதுவரை பெண்ணைப் பிறந்த வீட்டிலேயே வைத்திருக்கலாம். அப்படி நடந்த அரச நிச்சயங்கள் அந்தக் காலத்திலேயே உண்டு. அப்படிச் செய்திருந்தால் 1399ல் அவள் பாரிஸில் இருந்திருப்பாள், பிணை என்ற பேச்சே எழுந்திருக்காது. பெண்ணை முன்கூட்டியே அழைத்துக்கொள்ள ரிச்சர்டுக்கு இருந்த அவசரம் பணத்தின் முதல் தவணை. அந்த 300,000 பிராங்கை வேறு வழியில் உறுதிசெய்ய முடியாதது இல்லை.

திருப்பி அனுப்பும் ஷரத்தைப் பணத்திலிருந்து பிரித்து எழுதியிருக்க வேண்டும். பெண் உடனே, பணம் பிறகு என்று. இரண்டும் ஒரே பத்தியில் கிடந்ததால்தான் ஒரு குழந்தை 22 மாதம் பழைய கடனோடு சேர்ந்து பேரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ரிச்சர்டைப் பொறுத்தமட்டில், வாரிசு இல்லாத அரசர் இன்னும் எட்டு ஒன்பது ஆண்டுகளுக்கு வாரிசு பிறக்க வழியில்லாத திருமணத்தைச் செய்தார். மகன் ஒருவன் தொட்டிலில் இருந்திருந்தால் ஹென்றிக்கு அரியணை அவ்வளவு சுலபமாகக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். அவள் மேல் அவர் காட்டிய அன்பு மெய். ஆனால் அந்த முடிவின் பாரத்தைச் சுமந்தவள் அவள்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு ஏதாவது மாறியதா? லெலிங்கத்தில் இசபெல்லா திரும்பி வந்த மூன்றாம் மாதம், 1401 அக்டோபர் 27ல், அவளுக்கு ஒரு தங்கை பிறந்தாள், கேத்தரின். 1420 ஜூன் 2ல் திருவா நகரில் கேத்தரினை மணந்தவர் ஐந்தாம் ஹென்றி. அக்காள் மறுத்த அதே மாப்பிள்ளை. ஒரு விஷயம் மாறியிருந்தது: கேத்தரினுக்கு 18 வயது நிறைந்திருந்தது. 1422ல் ஹென்றி இறந்து, அவளும் 20 வயதில் அதே நாட்டில் விதவையானாள். விதவை ராணி மறுமணம் செய்வதானால் அரசரின் சம்மதம் வேண்டும், அதுவும் அரசர் வயதுக்கு வந்த பிறகு தருவதாக இருக்க வேண்டும் என்று 1427-28ல் கூடிய நாடாளுமன்றம் விதி செய்தது. அந்த அரசர் அவளுடைய மகன் ஆறாம் ஹென்றி. அவனுக்கு ஆறு வயது.